மாளிகைமேட்டுத் தட்டோடுகள்: அரியலூர், பெரம்பலூர் வீட்டுக் கூரைகளின் வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனையின் கூரையைப் பற்றித் தொல்லியலாளர் இரா. நாகசாமி 1970இல் வெளிவந்த தம் நூலில் தந்த விவரிப்பே இன்றும் செல்வாக்குடன் நிற்கிறது. சுட்ட செங்கல் சுவர்கள், கருங்கல் அடிப்பீடங்களின்மேல் மரத்தூண்கள், மேலே நயமான சுண்ணாம்புச் சாந்தில் பல வரிசைகளாகப் பதித்த சிறு தட்டோடுகள். இரும்பு ஆணிகளும் பற்றிரும்புகளும் கிடைத்ததையும் அவர் குறித்திருக்கிறார். இதைப் படிப்பவர் மனத்தில் எழுவது சமதளமான மச்சு. நாகசாமி அப்படி வெளிப்படையாக முடிவு கட்டவில்லை. ஆயினும் அவர் சொல்லும் முறை அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. அதிலிருந்து உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்துப் பழைய மச்சு வீடுகள் வரைக்கும், அங்கிருந்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடும் இன்றைய சுர்க்கித் தளம் வரைக்கும் ஒரே நேர்கோடு இழுத்துவிடுவது எளிது. அந்தக் கோட்டை நான் ஏற்கவில்லை.

கேள்வி தொல்லியலோடு நிற்பதன்று. பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது வெப்பத்தைத் தடுக்க எதைக் காப்பாற்றுவது, எதை மாற்றுவது என்பது அந்தக் கூரை எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது.

அந்த அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் கூரை எதுவும் நிற்கவில்லை. கிடைத்தவை சுவர்களின் அடிப்பகுதிகளும் இடிபாட்டில் சிதறிய பொருள்களும்தான். ஆகவே ஓடுகள் எந்தக் கோணத்தில் இருந்தன என்பதை ஓடுகளிடம் மட்டும் கேட்க முடியாது; உடன் கிடைத்தவற்றையும் கேட்க வேண்டும். மச்சுக்குத் தேவை கனத்த உத்திரமும் அதன்மேல் நெருக்கமாக வைத்த கட்டைகளும். அவை தம் பாரத்தாலேயே அமர்ந்துவிடும். ஆணிக்கு அங்கே பெரிய வேலை இல்லை. சரிவுக் கூரை அப்படியன்று. கைமரமும் வரிச்சலும் ஒவ்வொரு சந்திப்பிலும் அறையப்பட வேண்டியவை. 2021இல் மாநிலத் தொல்லியல் துறை மீண்டும் தொடங்கிய அகழாய்விலும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சேர்ந்தே வெளிவந்திருப்பது இங்கே கருதத்தக்கது.

அதே சோழர் வட்டாரத்திலேயே ஓர் ஒப்புமையும் இருக்கிறது. தில்லைச் சிற்றம்பலம் மரச் சட்டத்தின்மேல் சரிவாக எழுந்த கூரை. அதன் பொன்னோடுகள் 21,600, ஆணிகள் 72,000 என்று மரபு சொல்லும். எண்ணிக்கையின் தத்துவ விளக்கம் எப்படியிருப்பினும், மரம், சரிவு, சிறு தட்டோடு, ஆணி என்ற நான்கும் சோழர் போற்றிய ஒரு கட்டடத்தில் ஒன்றுகூடி நிற்கின்றன. மாளிகைமேட்டில் சரிவைத் தவிர மற்ற மூன்றும் கிடைத்துவிட்டன. நான்காவதையும் சேர்த்து வாசிப்பதே பொருத்தம் என்பது என் துணிபு.

எதிர்வாதம் வலுவற்றதல்ல. பொன்னோடு ஆணியில் நிற்கிறது, சுடுமண் ஓடோ சாந்தில் நிற்கிறது. ஆணிகள் கதவுக்கும் நிலைக்கும் உரியவையாகவும் இருக்கலாம். ஒரே வளாகத்தில் இருவகைக் கூரையும் இருந்திருக்கக்கூடும். காலமும் தீராத சிக்கல்தான். முதலாம் ராஜேந்திரனின் தலைநகராக 1025ஐ ஒட்டி எழுந்த இந்நகர், 1279ஐ ஒட்டிச் சோழர் ஆட்சி முடியும்வரை அரச இருக்கையாக இருந்தது. இரண்டரை நூற்றாண்டில் எந்த மரக்கூரையும் பழுது பார்க்கப்படாமல் நின்றிருக்காது. தட்டோடுகள் முதற்கட்டத்தவையா, பிற்காலப் புதுப்பிப்பில் வந்தவையா என்பது முடிவாகவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லலாம். நாகசாமியின் விவரிப்பில் நயமான சாந்து உண்டு. செங்கல் ஜல்லிப் படுகை இல்லை. பிற்கால மச்சுக்கு உயிரே அந்தப் படுகைதான்.

மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் அழைத்த மச்சில் கட்டைகளின்மேல் செங்கலை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் கட்டுவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லநீரும் தெளித்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்கிய பிறகே தட்டோடு வரும். இது பாரத்தால் வெப்பத்தைத் தாமதிக்கும் கூரை. பகலில் வாங்கியதைச் சாயங்காலத்துக்குப் பிறகு மெதுவாக விடும். அதனால்தான் மொட்டைமாடியில் படுத்தார்கள், மச்சறையில் தானியம் வைத்தார்கள். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரமும் திண்ணையும் வேறு வழியில் குளிர்ந்தன. பனங்கைமீது வரிச்சல் அடித்து அடுக்கிய நாட்டு ஓட்டின் இடுக்குகள் வழியே சூடான காற்று வெளியேறிவிடும். ஒரே வீட்டுக்குள் இரு மரபுகள். மாளிகைமேடு, என் வாசிப்பில், இரண்டாவதற்கே நெருக்கம்.

இரண்டையும் தள்ளிவைத்தது கான்கிரீட் தட்டு. டால்மியாபுரத்தில் 1939இலும் அரியலூரில் அரசு ஆலையாக 1979இலும் சிமெண்ட் உற்பத்தி தொடங்கியது. சூளைக்குப் போய்ச் சுண்ணாம்பான கல், ஆலைக்குப் போய்ச் சிமெண்டானது. தட்டு வந்தபோதும் சுர்க்கி உடனே மறையவில்லை. பொதுப்பணித்துறை, கான்கிரீட்டின்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் இடும் வழக்கத்தை மழைநீர்க் காப்பாகத் தொடர்ந்து வைத்திருந்தது. தனியார் வீடுகளில் செலவைக் குறைக்க முதலில் விடுபட்டது அதுதான்.

வீடுகளுக்கென 2018இல் வெளியான எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற கட்டட விதித்தொகுப்பு, கூரை வழியே கடக்கும் வெப்பத்துக்கு வரம்பு வைக்கிறது: இருபுறத்துக்கும் இடையே ஒரு பாகை வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட். 15 செ.மீ. வெறும் கான்கிரீட் தட்டு 3 வாட்டைத் தாண்டுகிறது. 7.5 செ.மீ. சுர்க்கியும் தட்டோடும் சேர்ந்தாலும் 2க்கு மேல்தான் நிற்கும். அதன் பலம் தாமதிப்பதில் இருக்கிறது. முழுத் தடுப்புக்கு வெள்ளைப் பூச்சோ, தனி வெப்பத்தடுப்புப் படலமோ வேண்டும். மேலும் அத்தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 140 கிலோ. உளுத்த உத்திரங்களின்மேல் அதைப் புதிதாக ஏற்றுவது ஆபத்து. நாட்டு ஓட்டுக் கூரைக்கோ நேர்மாறான கேடு நடக்கிறது: ஒழுகலை நிறுத்த இடுக்குகளைச் சிமெண்டால் பூசி மூடுகிறார்கள். காற்று போன வழி அடைபட்ட பிறகு கீழே மின்விசிறி சுழற்றுவது சூடான காற்றைத்தான். ஓடுகளைப் பிரித்து, உடைந்ததை மாற்றி, உள்ளே மரப்பலகைத் தட்டி கொடுத்து, முகட்டில் காற்றுவழி விடுவதே அங்கே செய்யத்தக்கது.

மாளிகைமேட்டு வழக்கைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. அகழ்ந்தெடுத்த ஓடுகளின் அடிப்புறத்தில் ஒட்டிய சாந்தைப் பார்க்க வேண்டும். அதில் வரிச்சலின் தடம் இருந்தால் சரிவு; செங்கல்லின் தடமோ ஜல்லித் துகளோ இருந்தால் நாகசாமியின் மச்சே நிற்கும்.