சமையல்கட்டுல ஒரு துறவி

1660-கள், பிரான்ஸ். ஒரு படகு நிறைய ஒயின் பீப்பாய்கள். ஐம்பது வயசைத் தாண்டின ஒருத்தர் அந்தப் பீப்பாய்கள் மேலயே உருண்டு உருண்டு நகர்ந்து போறார். கால் ஊனம், நடக்க முடியாது. வியாபாரமும் தெரியாது. ஆனா மடத்துக்கு ஒயின் வாங்கிட்டு வரச் சொல்லி பர்கண்டிக்கு அனுப்பிட்டாங்க.

இவர்தான் பிரதர் லாரன்ஸ். இயற்பெயர் நிக்கோலா எர்மான். லொரேன் பகுதிக்காரர், முப்பதாண்டுப் போரில் சிப்பாயா இருந்து காயம்பட்டவர். அப்புறம் ஒரு பெரிய வீட்டுல எடுபிடி வேலை. கையில எடுத்ததையெல்லாம் உடைச்சு வைக்கிற ஆளுன்னு அவரே சொல்லியிருக்கார். 1640-ல் பாரிஸ் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். குருப்பட்டம் எல்லாம் இல்லை, சாதாரண சகோதரர். மடத்துல கொடுத்த வேலை சமையல்கட்டு.

இங்கதான் எனக்கு அவரைப் பிடிச்சது. அவருக்குச் சமையல் வேலை சுத்தமா பிடிக்காது! இருந்தும் அங்கே சுமார் பதினஞ்சு வருஷம் ஓட்டினார். 'ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடமாட்டான்'னு நம்ம வீட்டுல திட்டுவாங்க இல்லையா? இவர் சொன்னது, கடவுள் மேல் உள்ள அன்புக்காகத் தரையில் கிடக்கிற துரும்பை எடுத்துப் போட்டாலே எனக்குச் சந்தோஷம்னு. ஜெபத்துக்குன்னு தனி நேரம், வேலைக்குன்னு தனி நேரம் என்ற பிரிவே அவருக்கு இல்லாமப் போச்சு. பாத்திரம் கழுவும்போதும் கடவுள் பக்கத்துல நிற்கிறார்னு பேசிக்கிட்டே இருந்தார்.

இன்னைக்கு இதை 'மைண்ட்ஃபுல்னஸ்'னு பேக் பண்ணி, டென்ஷன் குறையும், வேலை நல்லா ஓடும்னு விக்கிறாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன்னா இந்த மனுஷன் நாலு வருஷம் தனக்கு நரகம்தான் நிச்சயம்னு நம்பி வேதனைப்பட்டவர். யார் சொல்லியும் அந்த எண்ணம் போகலை. அப்ப அவர் எடுத்த முடிவு: நரகமோ மோட்சமோ, என்ன ஆனாலும் சரி, உயிர் இருக்கிறவரை எல்லாத்தையும் கடவுள் அன்புக்காகவே செய்வேன். பலன் கிடைக்காதுன்னு நம்பிக்கிட்டே அன்பு செலுத்துறது! ராத்திரி ரெண்டு மணிக்கு டிக்கெட் க்ளோஸ் பண்ணிட்டு, மேனேஜர் பார்த்தாரான்னு செக் பண்ற எனக்கு இது லேசுல புரியலை.

அப்புறம் கால் ரொம்ப மோசமாகி, உட்கார்ந்து செய்ற வேலையா மடத்தாரின் செருப்பு தைக்கப் போனார். அவரைத் தேடி ஆட்கள் வர ஆரம்பிச்சாங்க. 1666 ஆகஸ்ட்ல ஜோசஃப் த போஃபோர் என்ற குருவானவர் வந்து பேசி, கேட்டதைக் குறிச்சு வச்சுக்கிட்டார். 1691-ல் லாரன்ஸ் இறந்ததும் அந்தக் குறிப்புகளும் சில கடிதங்களும் புத்தகங்களாச்சு.

ஆனா அவரைப் போற்றின ஆயர் ஃபெனலோன் எழுதின ஒரு ஆன்மிக நூலை 1699-ல் போப் கண்டனம் பண்ணினார். பலனே எதிர்பாராத தூய அன்பு பற்றிய சர்ச்சைதான் அது. அந்தச் சூழல்ல லாரன்ஸ் பெயரும் கத்தோலிக்க வட்டாரத்துல மங்கிப்போச்சு. அவரை விடாம வாசிச்சது புராட்டஸ்டன்ட்காரங்க. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி, தன் 'கிறிஸ்தவ நூலகம்' தொகுப்பில் இந்தச் சமையல்காரரையும் சேர்த்துக்கிட்டார்.