ஐந்தா, பத்தா? ஒரு மாத்திரையின் கால அளவு வந்த கதை

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தபின் பல பெண்களின் கைக்கு வந்து சேர்வது ஒரு சின்ன ஹார்மோன் சிகிச்சை மாத்திரை. டமாக்சிபென் அல்லது லெட்ரோசோல். தினம் ஒன்று, ஐந்து வருடம் என்று மருத்துவர் எழுதித் தருகிறார். ஐந்து முடியும் தறுவாயில், இன்னும் சில வருடம் போடலாமா என்ற பேச்சு எழுகிறது. இந்த ஐந்து எங்கிருந்து வந்தது? விடை தேடிப் போனால் முதலில் நிற்பது ஒரு மாட்டுத் தொழுவம்!

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், பால் சுரப்பைப் பற்றி ஆராய்ந்தவர். கன்று ஈன்ற பசுவின் சினைப்பையை எடுத்துவிட்டால் அது நெடுநாள் கறக்கும் என்று சில நாட்டுப் பண்ணைக்காரர்கள் அறிந்திருந்தார்கள். அப்படியானால் மார்பகத்தைச் சினைப்பைதான் ஆள்கிறதோ என்று யோசித்தார் பீட்சன். 1895இல், நோய் முற்றிய 33 வயதுப் பெண் ஒருவரின் சினைப்பைகளை அகற்றினார். சில மாதங்களில் கட்டிகள் கரைந்தன. அதை 1896இல் 'லான்செட்' இதழில் எழுதினார். சினைப்பை சுரந்து இத்தகைய கட்டிகளை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை அப்போது யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை.

அடுத்த திருப்பம் 1962இல், இங்கிலாந்தின் செஷயரில். ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஆர்தர் வால்போல் குழுவினர் உறவுக்குப் பின் போடும் கருத்தடை மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வேதியியலாளர் டோரா ரிச்சர்ட்சன் உருவாக்கிய, பின்னர் டமாக்சிபென் என்று பெயர் பெற்ற ஐ.சி.ஐ. 46,474 என்ற பொருள் எலிகளில் கருவைத் தடுத்தது. பெண்களிலோ நேர்மாறாகச் சினைமுட்டையை வெளிவரத் தூண்டியது. கருத்தடைத் திட்டம் கவிழ்ந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மருந்தை லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் பின்னாளில் கருத்தடை மாத்திரையாகவே வெற்றி பெறச் செய்தது. 'சஹேலி' என்று அறிமுகமாகி, இன்று அரசு மருத்துவமனைகளில் 'சாயா' என்ற பெயரில் கிடைப்பது அதுதான்.

வால்போல் கைவிடவில்லை. ஈஸ்ட்ரோஜன் வந்து அமரும் இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள் புற்றுநோயை அடக்கவும் உதவுமே என்று வாதாடினார். மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் மேரி கோல் குழுவினர் நோய் முற்றிய 46 பெண்களுக்கு டமாக்சிபெனைக் கொடுத்துப் பார்த்தார்கள். 10 பேருக்குப் பலன் தெரிந்தது என்று 1971இல் வெளியிட்டார்கள். 1973இல் பிரிட்டனும் 1977இல் அமெரிக்காவும் டமாக்சிபெனுக்கு அனுமதி தந்தன. பிறகு மற்ற நிறுவனங்களும் அதே மாத்திரையைச் செய்து விற்க, விலை இறங்கியது. பல வருடம் தொடர்ந்து போடுவது சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியது.

எவ்வளவு நாள் கொடுப்பது? நோய் பரவிய பெண்களில் இந்த மருந்து பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் பலனை இழந்துவிடும். அதையே அளவாகக் கொண்டு, அறுவைக்குப் பின் கொடுத்துப் பார்த்த தொடக்க ஆய்வுகளும் ஓரிரு வருடத்தோடு நிறுத்தின. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் ஜோர்டன் எலிகளிடம் வேறொன்றைக் கண்டார். கொஞ்ச நாள் கொடுத்தால் கட்டி தாமதமாக வந்தது. விடாமல் கொடுத்தால் பெரும்பாலான எலிகளுக்குக் கட்டியே வரவில்லை. நீண்ட சிகிச்சை என்ற எண்ணம் அங்கிருந்துதான் மருத்துவமனைகளுக்குப் பரவியது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளை ஆக்ஸ்போர்டில் ரிச்சர்ட் பீட்டோ குழுவினர் ஒன்றாகத் திரட்டி எடைபோட்டார்கள். ஒரு வருடத்தைவிட இரண்டு, இரண்டைவிட ஐந்து நல்லது என்று தெரிந்தது.

ஐந்துக்கு மேல்? அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷர் தலைமையில் நடந்த ஆய்வில், அக்குள் நெறிக்கட்டுக்கு நோய் பரவாத பெண்கள் பத்து வருடம் போட்டும் கூடுதல் நன்மை தென்படவில்லை. 1995இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஐந்து போதும் என்று அறிவித்தது. ஆனால் அந்த ஆய்வு சிறியது. அதனால் கேள்வியை மூடாமல், சுமார் 13,000 பெண்களைச் சேர்த்துக்கொண்டு பல நாடுகளில் 'அட்லஸ்' ஆய்வு நடந்தது. 2012இல் முடிவு வந்தது. ஈஸ்ட்ரோஜனுக்கு இணங்கும் கட்டி இருந்தவர்களில், ஐந்தாம் வருடம் முதல் பதினைந்தாம் வருடத்துக்குள் மார்பகப் புற்றால் இறக்கும் வாய்ப்பு, ஐந்தோடு நிறுத்தியவர்களுக்கு 15 சதவீதம். பத்து வருடம் போட்டவர்களுக்கு 12.2. ஆனால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.6இலிருந்து 3.1 சதவீதமாக ஏறியது.

இதற்கிடையே, உடல் ஈஸ்ட்ரோஜனைத் தயாரிப்பதையே தடுக்கும் மருந்துகள் வந்தன. அதற்கு வழிகாட்டியவர் ஏஞ்சலா புரோடி. அவர் அந்த வேலையைத் தொடங்கிய மாசசூசெட்ஸின் வூஸ்டர் ஆய்வு நிலையம், கருத்தடை மாத்திரை பிறந்த அதே இடம்! இந்த வகையைச் சேர்ந்த லெட்ரோசோல், மாதவிடாய் நின்ற பெண்களின் புற்றுநோய்க்கு வந்தது. குழந்தைப்பேறு மருத்துவர்களும் அதைச் சினைமுட்டையை வெளிவரத் தூண்டப் பயன்படுத்த, இந்திய அரசு 2011இல் அந்தப் பயன்பாட்டைத் தடைசெய்து 2017இல் தடையை நீக்கியது.

இந்தப் புதிய வகை மருந்தையும் நீட்டிப்பது எப்போதும் நல்லதா? 2021இல் ஆஸ்திரிய ஆய்வு ஒன்று, முதல் ஐந்து வருடத்துக்குப் பின் இதே வகையைச் சேர்ந்த அனஸ்ட்ரோசோலை இன்னும் இரண்டு வருடம் போட்டவர்களையும் ஐந்து வருடம் போட்டவர்களையும் ஒப்பிட்டது. நோய் திரும்புவதில் வித்தியாசமில்லை. நீண்ட நாள் போட்டவர்களுக்கு எலும்பு முறிவு கூடியது. 2023இல் இன்னொரு ஆய்வு, இளம்பெண்கள் ஒன்றரை முதல் இரண்டரை வருடம் மாத்திரை போட்டபின் கர்ப்பத்துக்காக இரண்டு வருடம் வரை இடைவெளி விட்டாலும், முதல் சில ஆண்டுகளில் ஆபத்து கூடவில்லை என்று காட்டியது.

எண்கள் இப்படி மாறிக்கொண்டிருப்பதற்குக் காரணம், ஆபத்து எல்லோருக்கும் ஒன்றாக இல்லாததுதான். ஐந்து வருடம் மாத்திரை போட்டு நலமாக இருந்த 62,923 பெண்களை ஆராய்ந்த அறிக்கை 2017இல் வந்தது. கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள், நெறிக்கட்டில் பரவல் இல்லை என்றால், அடுத்த 15 ஆண்டுகளில் உடலின் வேறிடத்தில் நோய் தோன்றும் வாய்ப்பு 13 சதவீதம். கட்டி அதைவிடப் பெரியது, நான்கு முதல் ஒன்பது நெறிக்கட்டுகளில் பரவல் என்றால் 41 சதவீதம். இவ்விருவருக்கும் ஒரே கால அளவு எப்படிப் பொருந்தும்?

ஆகவே ஐந்து என்பது உடல் வகுத்த விதி இல்லை. ஆய்வுகள் அதுவரை வந்து நின்ற மைல்கல். ஐந்தாம் வருட முடிவில் கேட்க வேண்டியவை சில: என் கட்டி எவ்வளவு பெரியது, எத்தனை நெறிக்கட்டில் பரவியது, மாதவிடாய் நின்றுவிட்டதா, எலும்பு எப்படி இருக்கிறது, மூட்டுவலியும் உடல் சூடும் தாங்க முடிகிறதா. தாங்க முடியாவிட்டால் தானாக நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றவும் வழி உண்டு. பல்லாயிரம் பெண்கள் தங்கள் பத்து வருடங்களைக் கொடுத்துச் சேர்த்த அறிவு இது. அதை முன்னால் வைத்துக்கொண்டு தன் கணக்கைத் தானே கேட்டுத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிமை இருக்கிறது.