பழவேற்காட்டு மீனவர் ஊர்களில் பெற்றோருக்கான சமூக ஆதரவு

பழவேற்காட்டு மீனவர் ஊர்களில் பெற்றோருக்கான சமூக ஆதரவு என்பது, பழவேற்காடு ஏரியைச் சார்ந்து வாழும் குடும்பங்களில் வருவாய்க் குறைவாலும் கடனாலும் மனச்சோர்வாலும் தளர்ந்த தாய் தந்தையர் மீண்டும் நிலைபெற உதவும் ஊர் அமைப்புகளையும் அரசுத் திட்டங்களையும் குறிக்கும்.

பின்னணி

பழவேற்காடு, சென்னைக்கு வடக்கே திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. இதன் ஏரி, சிலிக்கா ஏரிக்கு அடுத்ததாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடும்போது கடலிலிருந்து மீனும் இறாலும் ஏரிக்குள் வருவது குறைகிறது. அக்காலங்களில் வீட்டுச் செலவு கடனிலேயே நடப்பதால், குழந்தை வளர்ப்பின் சுமை கூடுகிறது.

ஊர் அமைப்பு

மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் மரபு பாடு எனப்படும். வளமான இடம் ஒருவருக்கே நிலையாகச் சேராமல் இது தடுக்கிறது. எனினும் பாட்டு உரிமை பட்டினவர் சமூகத்தினருக்கே உரியது. கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இதன் பாதுகாப்புக்கு வெளியே உள்ளன.

அரசுத் திட்டங்கள்

* அங்கன்வாடி: 1975 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இயங்குகிறது. 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், கருவுற்ற, பாலூட்டும் தாய்மாருக்கும் ஊட்டச்சத்து வழங்குகிறது. முன்பருவக் கல்விக்காகக் குழந்தை மையத்தில் இருக்கும் நேரத்தில் தாய் மீன் விற்கவோ வேறு வேலைக்கோ செல்ல இயலும்.
* மகளிர் சுய உதவிக் குழு: தமிழகத்தில் 1989 இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பின்னர் பிற மாவட்டங்களுக்கு விரிந்தது. சிறுசேமிப்பும் குறைந்த வட்டிக் கடனும் தருவதோடு, பெண்கள் தம் குறைகளைப் பேசும் இடமாகவும் அமைகிறது.
* சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம்: கடல் மீன்பிடித்தலை நம்பிய குடும்பங்களுக்கானது. உறுப்பினர் சேமிக்கும் 1,500 ரூபாயுடன் அரசு 3,000 ரூபாய் சேர்த்து, மீன் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாக வழங்குகிறது.

மனநல ஆதரவு

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், தமிழகக் கடலோர ஊர்களில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுதோறும் சென்று, பாதிக்கப்பட்டோரின் துயரைக் கேட்டு ஆறுதல் அளித்தனர். கடும் பாதிப்புள்ளோர் மருத்துவரிடம் அனுப்பப்பட்டனர். மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவோரையும் அறிமுகமான ஊர்க்காரர் அணுக முடியும் என்பது இம்முறையின் வலிமையாகும். 2022 இல் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

குறைகள்

அங்கன்வாடியும் சுய உதவிக் குழுவும் தாயின் வழியாகவே குடும்பத்தை அடைகின்றன. வருவாய் இழந்த தந்தைக்கு இவற்றுக்கு இணையான கூடுமிடம் இல்லை. மேலும் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அல்லாதோர் சேமிப்புத் திட்டத்தில் சேர இயலாது. ஏரியில் மட்டும் தொழில் செய்யும் ஏழைப் பெற்றோர் இதனால் விடுபடக்கூடும்.

இவற்றையும் பார்க்க

* பழவேற்காடு ஏரி
* பட்டினவர்
* இருளர்
* சுய உதவிக் குழு