பாட்டும் பத்திரமும்

பாரதி புதுச்சேரியில் இருந்தது 1908 முதல் 1918 வரை. அந்தக் காலத்துப் பாட்டுகள் பலவற்றுக்கு ராகமும் தாளமும் அவரே குறித்திருக்கிறார். வாய்விட்டுப் பாட எழுதியவை. ஊரை அப்போது ஆண்டது பிரான்ஸ். 1847-இல் பாரிஸ் காப்பிக்கடை ஒன்றில் தன் பாட்டை ஓசியில் பாடுகிறார்களென்று, குடித்த சர்க்கரைத் தண்ணீருக்குக் காசு தர மறுத்தான் எர்னஸ்ட் பூர்ழே என்கிற பாட்டுக்காரன். வழக்கு அவன் பக்கம் தீர்ந்து, 1851-இல் பாட்டுக்காரர்களுக்கென்று சங்கமே வந்துவிட்டது. அதே கொடியின் கீழ் பத்து வருஷம் குடியிருந்த நம் கவிக்கு இதனால் சல்லிக்காசு பிரயோஜனமில்லை. 1920-இல் தம் நூல்கள் மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி விற்குமென்று கணக்குப் போட்டார். அது அச்சுப் புத்தகத்தின் கணக்கு.

1921-இல் அவர் இறந்தபின் நூலுரிமை மாற்றாந்தாய் வழித் தம்பி விசுவநாதனிடம் சேர்ந்தது. இசைத்தட்டு உரிமை தனியே பிரிந்து ஜெசிங்லால் மேத்தா என்ற குஜராத்தி வியாபாரியிடம் போய், அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியாருக்கு விலையானது. தட்டுக்கென்று போன உரிமை சினிமாவுக்குள் வந்து நின்றது. 1947-இல் 'நாம் இருவர்' படத்தில் பட்டம்மாள் பாடியது ஊரெங்கும் ஒலித்தது. மறுவருஷம் டி. கே. எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்க்கவும் செட்டியார் ஆட்சேபித்தார். பத்திரத்தோடே பிழைப்பு நடத்துகிறவன் நான். அவர் பத்திரத்தில் எனக்குப் பழுது தெரியவில்லை. விலை கொடுத்து வாங்கியவர் கேட்டார், அவ்வளவுதான். செல்லம்மா அந்தக் கைமாற்றத்தில் எங்கே என்பதுதான் கேள்வி. கிளர்ச்சி எழுந்தது. 1949-இல் சென்னை அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. செட்டியார் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். 1950களில் அது பொதுவுடைமையாயிற்று.

இதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடுகிறோம். வாஸ்தவம்தான். ஆனால் விளம்பரக்காரன் கதை வேறு. புடவைக்கோ சிமெண்டுக்கோ பாரதியின் வரி வேண்டுமென்றால் இன்று அவன் யாரையும் கேட்க வேண்டாம். அந்த வரிக்கு நேற்று மெட்டுப் போட்ட ஒலிப்பதிவு வேண்டுமென்றால் இசைக் கம்பெனியிடம் பேரம் பேசியாக வேண்டும். சொல்லுக்குக் காவல் போய்விட்டது, மெட்டுக்கு இருக்கிறது. எழுதிக்கொடுத்த காலத்தில் புழக்கத்தில் இல்லாத சாதனத்துக்கு, பத்திரத்தில் அதைப் பெயர் சொல்லிக் குறிக்காதபோது, உரிமை பாயாது என்று சட்டத்தில் ஏற 2012 ஆயிற்று. சினிமாப் பாட்டு கொட்டகைக்கு வெளியே சம்பாதிப்பதில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு உண்டென்பதும் அதே திருத்தம்தான். பாடலாசிரியர் விரும்பினாலும், வாரிசுக்கோ வசூலித்துப் பங்கிடும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அந்தப் பங்கை எழுதிக்கொடுத்துவிட முடியாது.