மன்னார்க் கரையும் தமிழ்ப் பிரசங்க மரபும்: சில குறிப்புகள்

தமிழில் மேடைப்பேச்சின் வரலாற்றை எழுதுவோர், 1847 டிசெம்பர் 31 ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் நிகழ்த்திய பிரசங்கத்திலிருந்து தொடங்குவது வழக்கம். நாவலரின் பங்கைக் குறைப்பது எமது நோக்கமன்று. ஆயின் அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே முத்துக்குளித்துறையிலும் மன்னார்க் கரையிலும் தமிழ் உரைநடையைப் பலர் முன்னிலையில் வாய்விட்டு உரைக்கும் பயிற்சி தோன்றிவிட்டது. அப்பயிற்சியில் ஆசிரியராய் அமைந்தோர் யாவர் என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

பிரான்சிஸ் சவேரியார் 1544 சனவரியில் எழுதிய கடிதம் இதற்கு நல்ல சான்று. இருமொழியும் ஓரளவு அறிந்த உள்ளூரவரைக் கூட்டிப் பல நாள் முயன்று செபங்களைத் தமிழாக்கியதையும், அவற்றை மனனஞ் செய்ததையும், கையில் மணியுடன் ஊர்சுற்றிச் சிறுவரையும் பெரியோரையும் அழைத்து நாளுக்கு இருமுறை ஒப்புவித்ததையும் அவரே கூறுகின்றார். தாம் கற்றதை வீட்டாருக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி சிறுவர் பணிக்கப்பட்டனர். பொருளை முழுதும் உணராத நாவொன்று, பொருள் உணர்ந்த செவிகளின் முன் நாள்தோறும் பழகிய காட்சி இது.

அச்செவிகள் வாளாவிருக்கவில்லை எனக் கருத இடமுண்டு. தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதமொன்றில், விசுவாசப் பிரமாணத்தில் 'வேணும்' என்று சொல்லவேண்டாம், அது விருப்பத்தைக் குறிப்பது. விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லையே வழங்குக எனச் சவேரியார் திருத்துகின்றார். 'நம்புகிறேன்' என்னுமிடத்தில் 'வேண்டும்' என்று பல மாதம் முழங்கியிருக்கின்றனர்! தமிழ் பேசுவோர் எவரேனும் எடுத்துக்காட்டாமல் இத்தவறு அவருக்குப் புலப்பட்டிருக்க முடியாது. கடலோடிகளும் முத்துக்குளிப்போருமே அக்கரையின் மக்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அவருக்குப் பின்வந்த அன்றிக்கே அன்றிக்கசு மொழிபெயர்ப்பாளர் துணையை விலக்கி, இலக்கண வரம்போடு தமிழைக் கற்று, தாமே பேசத் தலைப்பட்டார். முன்னைய செபங்களையும் திருத்தினார். 1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிப் புன்னைக்காயற் பரதவரில் ஒரு பகுதியினரை அங்குக் குடியேற்றியபோது அவரும் மன்னாருக்கு வந்தார். 1578 இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவரது ஆக்கமே. அதனை அச்சுக்கலை வரலாற்றின் மைல்கல்லாக மட்டுமே நாம் போற்றிவருகின்றோம். அந்நூலுக்குப் பின்னால் முப்பதாண்டு வாய்ப்பேச்சுப் பழக்கம் நிற்கின்றது.

1658 இல் மன்னார் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமார் விலக்கப்பட்டனர். இக்காலப்பகுதியே எமது நோக்கில் மிக முக்கியமானது. குருவற்ற கோயில்களில் செபத்தை முன்னின்று நடத்தும் பொறுப்பு மூப்பர், அண்ணாவியார் ஆகிய ஊரவர் கைக்கு வந்தது. 1705 இல் தலைமன்னாரில் வந்திறங்கிய யாக்கோமே கொன்சால்வெஸ் இத்தகையோர் வாசிப்பதற்கேற்ற நூல்கள் பலவற்றை எழுதினார். அவரது ஆக்கமாகக் கொள்ளப்படும் 'வியாகுலப் பிரசங்கம்' ஒன்பது பகுதிகளைக் கொண்டது. தவக்காலத்தில் ஊரவராலேயே இழுத்து இசைத்து வாசிக்கப்படுவது. பேசாலை போன்ற ஊர்களின் பாஸ்கு மரபும் இதனோடு தொடர்புடையதே. அதன் நெடிய வாக்கியங்களை மூச்சு முறியாமல், அழுகை குன்றாமல் வாசித்து முடிப்பது எளிதன்று. ஆண்டுதோறும் அதே பகுதிகளைக் கேட்டுப் பழகிய சபையின் முன் வாசகர் எங்குத் தடுக்கினாலும் அது மறைந்திருக்க வழியில்லை. எழுத்தறியாதவரும் இங்கு விமர்சகரே.

கூத்தைப் பழக்குபவரும் அண்ணாவியாரே என்பது தற்செயலானதெனத் தோன்றவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மன்னார்க் கூத்துக்களைப் பதிப்பித்தபோது அவற்றின் பாடல்களும் ஆட்டமரபும் ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்தன. அண்ணாவியார் ஒவ்வொருவரின் உச்சரிப்பையும் குரலையும் இரவிரவாகத் திருத்திப் பழக்கிய முறை அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. பிரசங்க வாசிப்பையும் கூத்துப் பழக்கத்தையும் ஒருங்கே வைத்து ஆராய்வோர், நாவலருக்கு முந்திய தமிழ்ப் பேச்சுக்கலையின் பள்ளிக்கூடத்தை மீனவர் குடியிருப்புகளிலேயே காண்பர்.