ஒரே போர், இரண்டு கணக்குத் தலைப்புகள்: இலங்கைத் தமிழருக்கான இந்திய நிவாரணம், 1983–2022

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில், மலையின் மேற்குப் பக்கம் இருக்கிறது அடி அண்ணாமலை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் இது என்பது இவ்வூர் மரபு. அதே திருவெம்பாவையை மார்கழி விடியலில் ஓதி வளர்ந்த நாட்டிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்களின் முகாம் ஒன்றும் இங்கே உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்கின்படி மாநிலத்தின் 29 மாவட்டங்களில் 108 முகாம்கள் இருந்தன. அவற்றில் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேர் வாழ்ந்தார்கள். காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு முகாமுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் 34,087 பேர். போரால் பாதிக்கப்பட்ட ஒரு நாட்டின் மக்களுக்கு ஓர் அரசு எந்த அடிப்படையில் உதவியைப் பங்கிடுகிறது என்ற கேள்வியைப் பொதுவாக ஐரோப்பாவை, ஜெனீவாவை, ஐ.நா. அறிக்கைகளை வைத்தே நாம் பேசிவருகிறோம். அந்தக் கேள்விக்கு அடி அண்ணாமலையிலிருந்து பார்த்தால் கிடைக்கும் விடை வேறு. கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்திய அரசின் நிவாரணம் தேவையின் அளவைப் பின்பற்றிச் செல்லவில்லை. பாதிக்கப்பட்டவர் பாக்கு நீரிணையின் எந்தக் கரையில் நிற்கிறார், கொழும்போடும் சென்னையோடும் டெல்லிக்கு அந்த ஆண்டில் எப்படிப்பட்ட உறவு இருக்கிறது என்ற இரண்டுமே அதைத் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, அந்த மாதம் முதல் 1987 ஜூலை இறுதி வரை தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் 1,34,053 பேர் என்பது உள்துறை அமைச்சகத்தின் பதிவு. ராமேசுவரத்திலும் தனுஷ்கோடிக் கரையிலும் இறங்கியவர்கள் மண்டபம் முகாமில் பதிவாகி, அங்கிருந்து உள்மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மாதாந்தப் பணக்கொடை, மலிவு விலையில் அரிசி, பாய், பாத்திரம், துணிமணி ஆகியவை தரப்பட்டன. செலவை மாநிலம் செய்யும், மத்திய அரசு ஈடுகட்டும் என்பது ஏற்பாடு. இந்த ஏற்பாட்டுக்கு அடியில் சட்டம் எதுவும் இல்லை என்பதைத்தான் ஆய்வாளர்கள் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. உள்நாட்டிலும் அகதிகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றவில்லை. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டமே முக்கியமாக அவர்கள்மேல் செல்லுபடியானது. அது கட்டுப்படுத்துவதற்கான சட்டம், காப்பதற்கான சட்டம் இல்லை. ஆகவே உதவி முழுவதும் அரசாணையில் நின்றது. ஓர் ஆணையால் கூட்டவும் இன்னோர் ஆணையால் குறைக்கவும் கூடியதாக அது தொடக்கம் முதலே அமைந்தது. எம்.ஜி.ஆர். காலத்தின் தாராளம் இந்தக் குறையை மறைத்தது. 1987 ஏப்ரலில் அவர் அரசு ஈழத் தமிழர் நிவாரணத்துக்கென 4 கோடி ரூபாய் அறிவித்தது. அந்தப் பணம் ஆயுதப் போராட்ட இயக்கங்களின் கையில்தான் சேர்ந்தது. அன்று அதைத் தமிழ்நாட்டில் கேள்வி கேட்டவர்கள் குறைவு.

அதே ஆண்டு ஜூன் மாதம் நடந்தது இந்த வரலாற்றின் மிகத் தெளிவான சான்று. யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை இருந்தது. மே 26 அன்று வடமராட்சி மீது இலங்கைப் படைகளின் பெருந்தாக்குதலும் தொடங்கியது. ஜூன் 3 அன்று ராமேசுவரத்திலிருந்து நிவாரணப் பொருள்களுடன் புறப்பட்ட மீன்பிடிப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் பெங்களூரிலிருந்து கிளம்பிய ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு, யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொருள்களைப் போட்டன. ‘பூமாலை நடவடிக்கை’ என்று பெயர் பெற்ற இதில் போடப்பட்டது ஏறத்தாழ 25 டன். ஐந்து லட்சம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 50 கிராம் வரும். ஒரு வேளைக் கஞ்சிக்கும் போதாது. பசியை ஆற்றுவதற்கான அளவில் அந்த மூட்டைகள் திட்டமிடப்படவில்லை. கொழும்புக்கு ஒரு சேதி சொல்லும் அளவில் திட்டமிடப்பட்டன. சேதி போய்ச் சேர்ந்தது. கப்பலில் நிவாரணம் கொண்டுபோக இலங்கை இணங்கியது, ஜூலை 29 அன்று இந்திய–இலங்கை ஒப்பந்தமும் கையெழுத்தானது. அன்று யாழ்ப்பாணத்தில் வானத்தைப் பார்த்துக் கைதட்டிய மக்களின் நம்பிக்கையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்களின் தேவை அந்தக் கணக்கில் எத்தனையாவது இடத்தில் இருந்தது என்பதற்கு அந்த 25 டன்னே போதுமான ஆதாரம்.

இதற்கு நேர் எதிரான சான்று 1991க்குப் பிறகு கிடைக்கிறது. ஒப்பந்தத்தின்படி இலங்கை சென்ற இந்திய அமைதிப்படை திரும்பிய காலத்தில் போர் மீண்டும் மூண்டது. 1989 ஆகஸ்ட் முதல் 1991 ஏப்ரல் வரை மேலும் 1,22,078 பேர் வந்தார்கள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்த நாளுக்கு முந்தின வாரத்திலும் பிந்தின வாரத்திலும் முகாமில் இருந்தவர்கள் ஒரே மக்கள். அவர்கள் பசியும் நோயும் ஒரே அளவு. அவர்கள் விட்டுவந்த ஊரில் போரும் அப்படியே நடந்தது. மாறியது அரசியல் மட்டும். தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் போவது தடுக்கப்பட்டது. உயர்கல்விச் சேர்க்கையில் அகதி மாணவர்களுக்கு இருந்த சலுகை நீக்கப்பட்டது. மாநிலக் காவல்துறையின் கியூ பிரிவுக் கண்காணிப்பு இறுகியது. 1992 ஜனவரி முதல் திருப்பி அனுப்புதல் தொடங்கி, 1995 மார்ச் வரை 54,188 பேர் கப்பலேறினார்கள். அந்த ஆண்டுகளின் பெரும்பகுதியில் வடக்கில் போர் ஓயவில்லை. இதை எதிர்த்து அரசியல் தலைவர்கள் பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. இராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், 1992இல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அலுவலகம் சென்னையில் திறக்கப்பட்டு, போகிறவர் மனமுவந்து போகிறாரா என்று விசாரிக்கும் பொறுப்பு அதற்குத் தரப்பட்டது. பணக்கொடையும் அரிசியும் மகனின் கல்லூரி இடமும் ஒரே ஆணையில் தொங்கும்போது, ‘மனமுவந்து’ என்று போடும் கையெழுத்துக்கு எவ்வளவு எடை உண்டு? 1996இல் மாநிலத்தில் ஆட்சி மாறிய பிறகே கெடுபிடி தளர்ந்தது. தேவை மாறாமல் உதவி மட்டும் ஏறி இறங்கிய இந்த ஐந்தாண்டுகளைவிட வலுவான ஆதாரம் என் வாதத்துக்கு வேண்டியதில்லை.

போரின் கடைசிக் கட்டத்தில் உதவி கடலைத் தாண்டத் தொடங்கியது. 2008 அக்டோபர் 14 அன்று சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம், போர் நிறுத்தத்துக்கு மத்திய அரசு முயலாவிட்டால் தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் பதவி விலகுவார்கள் என்று முடிவெடுத்தது. அக்டோபர் 26 அன்று அன்றைய வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி சென்னை வந்து முதல்வர் கருணாநிதியைச் சந்தித்தார். 800 டன் நிவாரணப் பொருள்கள் அனுப்பப்படும் என்ற அறிவிப்பு வந்தது, பதவி விலகல் பேச்சு அடங்கியது. தமிழ்நாட்டில் திரட்டிய பொருள்கள் குடும்பப் பொதிகளாகக் கட்டப்பட்டு நவம்பரில் கப்பலேறின. அடுத்த ஆண்டில் பொதிகளின் எண்ணிக்கை இரண்டரை லட்சத்தை எட்டியது. 2009 மார்ச் முதல் செப்டம்பர் வரை இந்திய அவசர மருத்துவப் பிரிவு முதலில் புல்மோட்டையிலும் பிறகு இடம்பெயர்ந்தோர் முகாம்கள் இருந்த செட்டிகுளத்திலும் 50,000க்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை அளித்தது. 2009 ஜூனில் 500 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது; கூரைத் தகடுகள், 4 லட்சம் மூட்டை சிமென்ட், 500 டிராக்டர்கள், கண்ணிவெடி அகற்றும் ஏழு குழுக்கள் போயின. இவை எல்லாம் உண்மையான உதவிகள். செட்டிகுளத்தில் ஒரு மருத்துவர் என்ன மதிப்புப் பெறுவார் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பெரும்பகுதி எப்போது போனது? 2009 மே மாதத்தில் துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகு. முள்ளிவாய்க்காலை நோக்கி மக்கள் தள்ளப்பட்ட அந்த நான்கைந்து மாதங்களில், தேவை உச்சத்தில் இருந்தபோது, செஞ்சிலுவைக் கப்பல் ஒன்றைத் தவிர வேறு வழி திறக்கப்படவில்லை. அதைத் திறக்கச் சொல்லும் விருப்பமும் டெல்லியில் 1987இல் இருந்ததுபோல் இருக்கவில்லை.

பிறகு வந்தது 50,000 வீடுகள் திட்டம். 2010இல் ஒப்புக்கொள்ளப்பட்டு, அரியாலையில் தொடங்கிய 1,000 வீட்டு முன்னோடிக் கட்டம் 2012இல் முடிந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று வடக்கு, கிழக்கில் 45,000 வீடுகளுக்கான கட்டம் தொடங்கியது. ஒப்பந்தக்காரரிடம் கொடுக்காமல், வீட்டுக்காரரே கட்டிக்கொள்ள, வேலை முன்னேற முன்னேறத் தவணை தவணையாக 5,50,000 இலங்கை ரூபாய் அவர் வங்கிக் கணக்கில் போடப்பட்டது. மலையகத்துக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகள் அறிவித்தார். பயனாளியைக் குடிமகனாக மதித்துக் கையில் பணத்தைக் கொடுத்த இந்த முறை, இந்தியாவின் வெளிநாட்டு உதவிகளில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். அதனால்தான் ஒப்பீடு வலிக்கிறது. முல்லைத்தீவில் மீளக்குடியேறிய அக்கா இந்திய அரசின் பணத்தில் தன் காணியில் கல்வீடு கட்டிக்கொள்ள முடிந்தது. அதே போரில் அதே வீட்டை இழந்து தமிழ்நாட்டுக்கு வந்த தம்பி, அதே அரசின் பொறுப்பில், பத்துக்குப் பத்து அறையில், தற்காலிகம் என்று எழுப்பிய கூரையின் கீழ் முப்பது ஆண்டு இருந்தார். அவருக்குக் காணியும் இல்லை, பட்டாவும் இல்லை. அக்காவின் வீடு வெளியுறவு அமைச்சகத்தின் கணக்கு. வெளிநாட்டு உதவிகளுக்கென 2012இல் அந்த அமைச்சகத்தில் தனி நிர்வாகப் பிரிவே அமைக்கப்பட்டது. தம்பியின் பணக்கொடை உள்துறை அமைச்சகத்தின் கணக்கு. முன்னது நட்புநாட்டுக்கு வழங்கும் கொடை, பின்னது வெளிநாட்டவர் மேலாண்மையின் செலவு. ஒரே போரின் பாதிப்பை இரண்டு அமைச்சகங்கள் இரண்டு தலைப்புகளில் எழுதிவந்தன. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது இறையாண்மை பற்றியது. பாதிக்கப்பட்ட நாட்டின் சம்மதத்தோடுதான் உதவி போக வேண்டும் என்று 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 46/182ஆம் தீர்மானம் சொல்கிறது. அப்படியிருக்க, தேவைக்கேற்ப அனுப்பவில்லை என்று டெல்லியை எப்படிக் குறை சொல்லலாம்? சம்மதம் தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதே தீர்மானம் மனிதநேயம், நடுநிலை, பாரபட்சமின்மை ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறது. சம்மதத்தைப் பெறுவதற்கு ஓர் அரசு எவ்வளவு முயல்கிறது என்பதும் பங்கீட்டின் ஒரு பகுதியே. 2021க்குப் பிறகு தாலிபான் ஆட்சியை அங்கீகரிக்காமலே, பாகிஸ்தான் தரை வழியைப் பேசித் திறக்கச் செய்து, ஆப்கானிஸ்தானுக்கு 50,000 டன் கோதுமை தருவதாக அறிவித்து, உலக உணவுத் திட்டத்தின் வழியாக இந்தியா அனுப்பத் தொடங்கியது. முயன்றால் வழி பிறக்கும் என்பதற்கு இதற்கு மேல் வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டாவது மறுப்பு, தமிழ்நாட்டை நோக்கியது: இன உறவால் எழும் உதவி பாரபட்சமானது, வெளியுறவு மாநிலத்தின் வேலையும் அல்ல என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. 1987இன் 4 கோடி அதற்கு எடுத்துக்காட்டு. ஆனால் 2022 இந்த மறுப்புக்கு நல்ல விடை தந்தது. பொருளாதாரம் சரிந்து இலங்கையில் மக்கள் மருந்துக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றபோது, தமிழருக்கு மட்டும் அனுப்ப வேண்டாம், எல்லாருக்கும் பொதுவாக அனுப்புங்கள் என்று கேட்டவர்கள் இலங்கைத் தமிழர்களே. ஏப்ரல் 29 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது: 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, மருந்துகள், மொத்தம் 123 கோடி ரூபாய். மத்திய அரசு இசைந்தது. மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் 9,000 டன் அரிசியோடு புறப்பட்டது. பாசத்திலிருந்து கிளம்பிய உதவி பொதுமையாக மாறியதற்கு, வாங்குகிறவர்களின் குரலைக் கேட்டதே காரணம். அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கேட்காமல் விட்டதும் அந்தக் குரலைத்தான்.

மூன்றாவது மறுப்பு நிதித்துறைக்காரர்களுடையது: உள்நாட்டில் அகதிகளுக்குச் செய்யும் செலவு வெளிநாட்டு உதவி ஆகாது, இரண்டையும் ஒப்பிடுவதே தவறு. பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.ஈ.சி.டி., அகதி வந்த முதல் 12 மாதச் செலவை வெளிநாட்டு உதவியாகக் கணக்கிட அனுமதிக்கிறது. அதற்குப் பிறகு அவர் அந்தச் சமூகத்துக்குள் வந்துவிடுவார் என்பது அதன் அடிப்படை. தமிழ்நாட்டில் அந்த 12 மாதம் நாற்பது ஆண்டாக நீண்டது, சமூகத்துக்குள் வரும் கதவு மட்டும் திறக்கவில்லை. 2003இல் திருத்திய குடியுரிமைச் சட்டத்தின்படி, முறையான ஆவணமின்றி வந்தவரின் பிள்ளை இங்கேயே பிறந்தாலும் குடியுரிமை பெறுவதில்லை. 2019 திருத்தத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. 2021 ஆகஸ்டில் மாநில அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டவும், பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தவும், முகாம்களை மறுவாழ்வு முகாம் என்று அழைக்கவும் முடிவு செய்தது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைக் குடிவரவு, வெளிநாட்டவர் சட்டத்தின் தண்டனைப் பிரிவிலிருந்து விலக்கியது. குற்றவாளி இல்லை என்று சொல்லியாயிற்று. யார் என்று இன்னும் சொல்லவில்லை.

நடைமுறையில் செய்யக்கூடியது ஒன்று மிச்சம் இருக்கிறது. இலங்கையில் இந்திய வீட்டுத் திட்டங்களுக்கு யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் பட்டியலும், தமிழ்நாட்டு மறுவாழ்வு ஆணையரகம் வைத்திருக்கும் முகாம் பதிவேடும் இன்றுவரை தனித்தனியே கிடக்கின்றன. திரும்பிப் போக விரும்பும் குடும்பத்துக்கு, அது கப்பல் ஏறும் முன்பே அங்கே காணியும் வீட்டுக்கான தவணையும் உறுதியாகும்படி இரண்டையும் இணைக்கலாம். இங்கேயே இருக்க விரும்பும் குடும்பத்துக்கு, வெளியுறவு அமைச்சகம் அங்கே ஒரு வீட்டுக்குச் செலவிட்ட அதே தொகையை இங்கே பட்டாவோடு கூடிய வீட்டுக்கு ஒதுக்கலாம். இரண்டாவதற்குக் கொழும்பின் சம்மதம்கூட வேண்டியதில்லை. உள்துறையும் வெளியுறவுத் துறையும் தமிழ்நாடு அரசும் அமரும் ஒரு குழு போதும்.