முடிவைத் தள்ளிப்போட்ட ஏழு ஆண்டுகள்

தர்மபுரிச் சீமையில் ஏரியூர்ப் பக்கத்து நிலம் வரிக் கணக்கு எழுதுகிறவரைத் திணறடிக்கும். மேற்கே காவிரி போகிறது, ஆனால் அந்தத் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் நாகமரை ஓரத்தில் நீர்த்தேக்கம் விரிந்து கிடந்தாலும், அணையின் பாசனம் கீழ்நாட்டுக்குத்தான். இங்கே மழையை நம்பிய மேட்டுக்காடுகள். கேழ்வரகு, சாமை, கொள்ளு. ஒரு காடு செம்மண் என்றால் வரப்பு தாண்டியதும் சரளை. மழை பெய்த ஆண்டின் விளைச்சலை வைத்து அடுத்த ஆண்டைக் கணிக்க முடியாது. இப்படிப்பட்ட சீமைக்கு ஒரே தீர்வையை எப்படி வகுப்பது என்ற கேள்வி 1792இல் எழுந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி மைசூரை ஆண்ட திப்பு சுல்தான், இந்தச் சீமை அடங்கிய பாராமகாலையும் சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், கேப்டன் அலெக்சாண்டர் ரீடைக் கலெக்டராக அனுப்பினார். துணைக்கு மூன்று இராணுவ அதிகாரிகள். அவர்களில் முப்பத்தொரு வயதுத் தாமஸ் முன்றோ தர்மபுரியில் தங்கி நடுப்பகுதியைப் பார்த்துக்கொண்டார். சிவில் அதிகாரிகளை விட்டுவிட்டுப் படை அதிகாரிகளைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது: சென்னைச் சிவில் அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகள் தெரியவில்லை என்பது காரன்வாலிஸின் கணிப்பு.

தலைமைப் பொறுப்பில் இருப்பவர் முடிவெடுக்குமுன் மனத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்று இன்று எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கதவைச் சாத்து, மூச்சைக் கவனி, அமைதியாக இரு என்கிறார்கள். பாராமகால் வரலாறு வேறு பாடம் வைத்திருக்கிறது. ஆள்பவரின் மனத்தை அடைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் பரபரப்போ கவலையோ அல்ல, வேறொரு இடத்தில் வெற்றி பெற்றதாக நம்பப்படும் ஒரு கொள்கை. அதைக் கண்ணை மூடி வெளியேற்ற முடியாது. எதிரே நிற்கும் நிலமும் அதன் குடிகளும் அதைப் பொய்யாக்கும்வரை முடிவைத் தள்ளிப்போட வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்.

அந்தக் காலத்துக் கொள்கை வங்காளத்திலிருந்து வந்தது. 1793 மார்ச்சில் காரன்வாலிஸ் அங்கே நிரந்தர நிலவரித் திட்டத்தை அறிவித்தார்: ஜமீன்தாரை உரிமையாளராக்கு, கட்ட வேண்டிய தொகையை என்றைக்குமாக நிர்ணயித்துவிடு, மற்றதைச் சொத்தாசை பார்த்துக்கொள்ளும். கேட்க அழகான தத்துவம். ரீடும் நீண்டகாலக் குத்தகை என்ற எண்ணத்தோடுதான் தொடங்கினார். ஆனால் நிலங்களை அளந்து, வயல் வயலாகத் தரம் பிரித்து, மணியக்காரரிடமும் கர்ணத்திடமும் பழைய கணக்குகளைக் கேட்டு ஆண்டுகள் போகப்போக, நீண்டகாலத்துக்குத் தொகையை உறுதி சொல்லும் நிலையில் இங்கே குடியானவர் யாரும் இல்லை என்பது புலப்பட்டது. 1796 டிசம்பர் 10ஆம் தேதி ரீட் வெளியிட்ட அறிவிப்பு இந்த மனமாற்றத்தின் சாசனம். குடியானவர் ஒவ்வொருவரும் தம் வயலுக்குத் தாமே பொறுப்பு. உழைத்து நிலத்தை மேம்படுத்தினால் அதற்காகத் தீர்வை ஏறாது. வேண்டாத நிலத்தை ஆண்டு முடிவில் விட்டுவிடலாம். 1797இல் முன்றோவும் குத்தகையைவிட ஆண்டுத் தீர்வையே மேல் என்று வாதாடி எழுதினார். பின்னாளில் ரயத்துவாரி என்று பேர்பெற்ற முறையின் முதல் உருவம் இது. இதில் நான் பெரிதாக மதிப்பது, முடிவுக்குள்ளேயே திருத்தத்துக்கு இடம் வைத்ததை. ஆண்டுதோறும் கணக்கைத் திறந்து பார் என்பது வருங்காலத்து அதிகாரியின் தலையையும் காலிசெய்து வைக்கும் ஏற்பாடு. தாலுகா அலுவலகங்களில் இன்றும் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியில் அந்தப் பழக்கம் தொடர்கிறது.

ஏழு ஆண்டுகள் காத்திருக்க எந்த அரசால் முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் அவர்கள் சும்மா காத்திருக்கவில்லை. ஆண்டுக்காண்டு வசூல் நடந்தது. இறுதித் திட்டம் மட்டும் தள்ளிப்போனது. எதிர்வழியில் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இதே மண்ணில் சான்று உண்டு. 1799இல் மைசூர்ப் போர் வந்தது, முன்றோ தர்மபுரியை விட்டுப் போனார். 1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வங்காளக் கொள்கை சென்னை மாகாணத்துக்குள் நுழைந்தது. ஜமீனே இல்லாத சேலம், பாராமகால் நிலங்களை மிட்டா என்ற புது ஜமீன்களாகக் கூறுபோட்டு ஏலம் விட்டார்கள். கையில் அளவைக் கணக்கு இருந்தது, அது சொன்னதைக் கேட்க ஆளில்லை. மாறாத தொகை ஒருபக்கம், மாறிக்கொண்டே இருக்கும் மழை மறுபக்கம். நடுவில் மாட்டிக்கொண்ட மிட்டாதார்கள் பலர் பாக்கி விழுந்து நொடித்தார்கள், மிட்டாக்கள் பல சர்க்காரிடமே திரும்பின. விரைவாக எடுத்த முடிவைப் பிரிக்க எடுத்துக்கொண்ட காலம், ரீடும் முன்றோவும் காத்திருந்த காலத்தைவிட நீளம்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கம்பெனிக்கு வேண்டியது பணம். குடியானவரைத் தனித்தனியே பிடித்தால் இடைத்தரகர் பங்கும் கஜானாவுக்கு வரும். இதில் மனத்தெளிவு எங்கே வந்தது? முன்றோ எழுதியதைப் படித்தால் இதை முழுக்கத் தள்ள முடியாது. ரயத்துவாரியைத் தாம் கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அது இந்நாட்டின் பழைய வழக்கம் என்பதே அவர் வாதம். ஆகவே நான் அவர்களுக்கு நல்லவர்கள் என்று நற்சான்று தரவில்லை. முறையைப் பற்றி அவர்கள் மனம் திறந்தது, தொகையைப் பற்றித் திறக்கவில்லை என்பதே என் கணிப்பு. தீர்வை கனமாகவே இருந்தது. கடப்பை, பெல்லாரிப் பகுதிகளில் ஏழு ஆண்டுகள் கலெக்டராக இருந்த பிறகு, 1807இல்தான் தீர்வையில் கால்பங்கைக் குறைக்க வேண்டும் என்று முன்றோ பரிந்துரைத்தார். யாரைக் கேட்டார்கள் என்பதிலும் ஓட்டை இருக்கிறது. மணியக்காரரும் கர்ணமும் பேசினார்கள். பெயரில் நிலமில்லாமல் பண்ணையில் உழைத்தவர்களின் குரல் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. காது கொடுக்காத திசையில் மனமும் தெளியாது. குடியானவர் பக்கம் கேட்டார்கள், அங்கே முடிவு திருந்தியது. கூலியாள் பக்கம் கேட்கவில்லை, அங்கே பழையபடியே கிடந்தது. என் வாதத்தை இந்தக் குறை உடைக்கவில்லை, அதன் எல்லையைக் காட்டுகிறது.

தர்மபுரியில் தோன்றிய எண்ணம் லண்டன்வரை போய்த்தான் திரும்பியது. முன்றோ அங்கே இருந்த ஆண்டுகளில், 1812இல், நாடாளுமன்றக் குழுவின் ஐந்தாம் அறிக்கை வெளிவந்தது. அதற்குப்பின் கம்பெனி இயக்குநர்கள் ரயத்துவாரி பக்கம் சாய்ந்தார்கள். 1820இல் முன்றோ சென்னைக் கவர்னரானார், அவர் காலத்தில் மாகாணத்தின் பொது முறையாக அது நிலைத்தது. 1827இல் பத்திகொண்டாவில் காலராவில் அவர் இறந்தபோதும் சேலம் சீமையில் மிட்டாக்கள் எஞ்சியிருந்தன. அவற்றை ஒழித்து ரயத்துவாரியாக்க, சுதந்திரத்துக்குப் பிறகு சென்னைச் சட்டமன்றம் 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.